ரெண்டு தட்டு தட்டினால் சொல்லிவிடுவானா?

போன வாரம் அவினாசி பக்கம் மாமன் மகன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாலை காபி குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி. அதிலிருந்து தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் நம்ம வயசுக்காரர்கள் யாருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. மாப்பிள்ளையும் நான்கு கேமரா வைத்திருக்கிறார். நாயும் ரெண்டு.

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க மச்சான். சந்தேகப்பட்டவனப் புடிச்சு உள்ள வெச்சு ரெண்டு தட்டு தட்டுனா அவனே சொல்லீட்டுப் போறான். இந்தக் கோர்ட்டு, வக்கீலு, மனித உரிமைன்னு இல்லாட்டி நாடு எப்பவோ உருப்பட்டிருக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார்.

நான் கிராம நிர்வாக அலுவலராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டா, சிட்டா, அடங்கல், பயிராய்வு என்று நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் வி.ஏ.ஓ. வேலையில் வெளியே அதிகம் தெரியாத இன்னொரு பகுதி உண்டு. போலீஸ் கூப்பிட்டால் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது.

1990களின் தொடக்கம். என் சரகத்தில் ஒரு தோட்டத்தில் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருந்தார். ஊரே அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் இரவு யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிட்டு, கழுத்துச் சங்கிலியையும் கையில் கிடந்த நான்கு வளையல்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் கொதித்தது. ரோட்டை மறித்தார்கள். மேலிடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு அழுத்தம்.

ஐந்தாம் நாள் விடிகாலையில் தலையாரி வந்து எழுப்பினார். "ஸ்டேஷன்ல கூப்பிடறாங்க சார். ஆளு சிக்கிட்டானாம்."

போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். சுவரோரம் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். கிணறு வெட்ட வெளியூரிலிருந்து வந்த கூட்டத்தில் ஒருவன். அவனுடைய இரண்டு பாதமும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாக்குமூலம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. "தானாக முன்வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல்" என்று ஆரம்பித்தது. என் முன்னால் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஜீப்பில் தோட்டத்துக்குப் போனோம். "எதிரி அடையாளம் காட்டிய இடம்" என்று மகஜரில் இருக்கும். ஏட்டு முன்னால் நடந்தார். அவன் நொண்டிக்கொண்டு கடைசியாக வந்தான். கிளுவை வேலி ஓரம் ஏட்டு நின்ற இடத்தில் தோண்டினார்கள். நான்கில் ஒரு வளையல் வந்தது. அந்த மகஜரிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். பயம்தான். தினமும் அந்த ஸ்டேஷனோடு வேலை இருக்கிறது. அதோடு, அன்றைக்கு எனக்கும் மாப்பிள்ளையின் எண்ணம்தான். ஆத்தாவைக் கொன்றவன் கிடைத்துவிட்டான், காகிதத்தில் என்ன இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

இரண்டரை வருஷம் கழித்து கோயம்புத்தூர் செஷன்ஸ் கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார்.

"வேலி ஓரத்துக்குப் போகும்போது யார் முன்னால் நடந்தது?"

"எதிரிதான்" என்றேன்.

"அவர் பாதத்தில் வீக்கம் இருந்ததா?"

"கவனிக்கவில்லை" என்றேன்.

சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுச் சொன்ன இரண்டு பொய். என் சர்வீஸில் லஞ்சம் வாங்கியதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

ஜெயிலுக்குள் சேர்க்கும்போது பார்த்த டாக்டர் பாதக் காயங்களைக் குறித்து வைத்திருந்தார். நீதிபதி வாக்குமூலத்தை ஒதுக்கினார். வளையல் கண்டெடுத்ததையும் நம்பவில்லை. என் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பில் எழுதினார். சரியாகத்தான் எழுதினார். பையன் விடுதலை.

வெளியே வேப்பமரத்தடியில் ஆத்தாவின் மகள் நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்:

"அப்ப எங்கம்மாவ யாருதானுங்க கொன்னது?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது. ஐந்தாம் நாள் காலையில் ஒரு வாக்குமூலம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மற்ற மூன்று வளையல்களும் சங்கிலியும் எந்த அடகுக் கடைக்குப் போயின என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்தப் பையன்தான் கொன்றான் என்றால், நிரூபிக்கும் வாய்ப்பைப் போலீஸே கெடுத்துவிட்டது. அவன் கொல்லவில்லை என்றால், கொன்றவன் நம் நடுவிலேயே நடமாடினான். இரண்டில் எதுவானாலும் நஷ்டம் ஆத்தாவுக்குத்தான்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். படித்தபோது தெரிந்த ஒரு விஷயம் என்னைச் சுட்டது.

1854-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. வரி வசூலுக்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ரெவின்யூ ஆட்களும் போலீஸும் மக்களை வதைப்பது உண்மைதான் என்று அந்த அறிக்கை சொன்னது. அந்தக் காலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். தாசில்தார்தான் போலீஸுக்கும் மேலதிகாரி. விரலைக் கட்டைக்கு நடுவே வைத்து நெருக்கும் "கிட்டி" என்ற நம்ம தமிழ்ச் சொல் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே இருக்கிறது. என் துறையின் முன்னோர்கள் செய்த காரியம் அது.

அந்தச் சூழலில்தான் 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி வந்தது. 1872 இந்திய சாட்சியச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. 24, 25, 26, 27 என்று நான்கு பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தில் அவை 22, 23 என்ற எண்களில் இருக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். மிரட்டியோ, ஆசை காட்டியோ, வாக்குக் கொடுத்தோ அதிகாரத்தில் உள்ளவர் வாங்கிய ஒப்புதல் செல்லாது. புதுச் சட்டத்தில் வற்புறுத்தல் என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்னது, அடித்தாலும் அடிக்காவிட்டாலும், செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும் மாஜிஸ்ட்ரேட் நேரில் இல்லாவிட்டால் செல்லாது. ஆனால் ஒரு விலக்கு: அவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். "கத்தியை இங்கே ஒளித்து வைத்தேன்" என்பது செல்லும். "அதால்தான் குத்தினேன்" என்பது செல்லாது. சென்னை மாகாணத்திலிருந்து போன புலுகுரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, இதைத் தெளிவாக்கியது.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலிக்கு நடுவே இரண்டு சந்து இருக்கிறது. இரண்டிலும் நான் நின்றிருக்கிறேன்.

முதல் சந்து, அந்த வளையல். வாக்குமூலம் செல்லாது, ஆனால் பொருள் கிடைத்தால் செல்லும் என்றால், பொருளைக் "கிடைக்க வைக்க" ஒரு ஆசை வரும். இரண்டாவது சந்து, வி.ஏ.ஓ. போலீஸிடம் சொன்னது செல்லாது என்பதால், கொலைகாரன் நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து மனம் திறந்து சொல்லி, அவர் அதை எழுதிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகக் கதை வரும். தமிழ்நாட்டு வழக்குகளில் இது அடிக்கடி வருகிறது. முன்பின் தெரியாத ஒருவன் என் ஆபீஸைத் தேடி வந்து "சார், கொலை பண்ணிட்டேன்" என்று சொல்ல நான் என்ன அவனுக்கு மாமனா மச்சானா? போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு கிராம மாஜிஸ்ட்ரேட்டுகள் வாக்குமூலம் எழுதவே கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. அது வி.ஏ.ஓ.வைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பழைய விதியை எழுதியவருக்கு ஊர் நடப்பு தெரிந்திருந்தது.

இந்த வேலியையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதையும் நாம் பார்த்துவிட்டோம்.

தடா சட்டத்தின் 15-வது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும் என்றது. 1994-ல் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு அதை ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அந்தச் சட்டத்தில்தான் நடந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அல்ல என்று சொல்லிவிட்டது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் மற்ற குற்றங்களுக்குச் செல்லும் என்றது. 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். நான்கு பேருக்குத் தூக்கு உறுதியானது. அதில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு.

2013-ல் அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, வெளிப்படையாக ஒன்று சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாக நின்றிருக்குமா என்று நீங்களே யோசியுங்கள். 2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுதலைக்குக் காரணம் ஆளுநர் தரப்பில் ஏற்பட்ட தாமதம். குற்றவாளி இல்லை என்ற தீர்ப்பு அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 31 வருஷம் போனது போனதுதான்.

ராஜீவ் காந்தியோடு அன்று இறந்த அப்பாவிகளின் குடும்பங்களை நான் மறக்கவில்லை. அவர்களுக்கும் வேண்டியது சந்தேகம் இல்லாத நீதி. பாதி எழுதிய வாக்குமூலத்தில் அது கிடைக்காது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். வீரப்பன் தேடுதல் காலத்தில் சத்தியமங்கலம் மலைப்பகுதியிலிருந்தும் மாதேஸ்வரன் மலைப் பக்கமிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தடாவில் பிடித்து மைசூர் சிறையில் போட்டார்கள். பெரும்பாலோர் பல வருஷம் கழித்து, 2001-ல், விடுதலையானார்கள். சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா கமிட்டி விசாரித்தது. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அத்தனை பேரை உள்ளே வைத்திருந்தும் வீரப்பன் 2004 வரை காட்டில்தான் இருந்தான்.

சரி, கோர்ட் எப்போது வாக்குமூலத்தை ஒதுக்க வேண்டும்? நான் வக்கீல் இல்லை. கூண்டில் பொய் சொன்ன ஒரு சாட்சி என்ற தகுதியில் நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. அடித்தார்கள் என்று அவன் நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்? மிரட்டி வாங்கியதாகக் கோர்ட்டுக்குத் "தோன்றினாலே" போதும் என்றுதான் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தால் போதும். காயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியது காவலில் வைத்திருந்தவர்கள்.

இரண்டு. மாஜிஸ்ட்ரேட் முன் கொடுத்தாலும் சடங்காக இருக்கக் கூடாது. நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவர் எச்சரிக்க வேண்டும். யோசிக்க நேரம் தர வேண்டும். 24 மணி நேரமாவது கொடுப்பது நல்லது என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லியிருக்கிறது. சொல்ல மறுத்தால் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. நான் பார்த்த அந்தப் பையனை ரிமாண்ட் செய்யும்போது மாஜிஸ்ட்ரேட் "போலீஸ் மேல் புகார் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். அவன் இல்லை என்று தலையாட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்றது அதே ஏட்டு. அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு?

மூன்று. கேமரா. வக்கீல் முன்னிலையில் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்யலாம் என்று 2009 திருத்தத்திலிருந்து சட்டத்தில் இருக்கிறது. "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது. "செய்ய வேண்டும்" என்று ஆக்க வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும், விசாரணை அறையிலும், சி.சி.டி.வி. வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் இறந்தபோது, அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக மாஜிஸ்ட்ரேட் அறிக்கை கொடுத்தார். பதிவு இல்லை என்றால் அந்தச் சந்தேகத்தின் பலன் போலீஸுக்குப் போகக் கூடாது. இது என் கட்சி.

நான்கு. பொருள் கிடைத்துவிட்டது என்பதற்காக அடியை மன்னிக்கக் கூடாது. வற்புறுத்தி வாங்கிய தகவல் என்றால் அந்த விலக்குப் பிரிவும் உதவாது என்பதுதான் 1961-ல் 11 நீதிபதிகள் சொன்னதன் சாரம். அது கீழ்க்கோர்ட் வரை வந்து சேர வேண்டும்.

மாப்பிள்ளை இப்போது கேட்பார்: "அப்படிப் பார்த்தா உண்மையான குற்றவாளி தப்பிச்சிருவானே?"

சில சமயம் தப்பிப்பான். மறைக்க வேண்டாம். உண்மையைச் சொன்ன வாக்குமூலம் கூட ஒதுக்கப்படலாம். அந்தக் குடும்பத்துக்கு அது கொடுமைதான். ஆனால் செல்லாது என்று முன்னாலேயே தெரிந்தால்தான் போலீஸ் மற்ற வேலையைச் செய்யும். கைரேகை, செல்போன் டவர், அடகுக் கடை, ரோட்டோரக் கேமரா, ரத்தப் பரிசோதனை. இன்று அதற்கெல்லாம் வசதி இருக்கிறது. செல்லும் என்று விட்டுவிட்டால் லத்தி ஒன்றே போதும் என்றாகிவிடும். லத்திக்கு ஒரு குணம் உண்டு. குற்றம் செய்தவனும் ஒப்புக்கொள்வான், செய்யாதவனும் ஒப்புக்கொள்வான். அப்புறம் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

சிவகிரி, பல்லடம் வழக்குகள் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நல்ல ஆதாரத்தோடு முடிய வேண்டும் என்பதே என் ஆசை. பத்து வருஷம் கழித்து மேல்முறையீட்டில் உடைந்து, இன்னொரு மகள் கோர்ட் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. இதைப் படிப்பவர்களில் பலர் ஊரில் மரியாதைப்பட்டவர்கள். என்றைக்காவது உங்களையும் மகஜர் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். தாராளமாகப் போங்கள், அது கடமை. காகிதத்தை முழுக்கப் படியுங்கள். கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். யார் முன்னால் நடந்தது என்று பார்த்து வையுங்கள். காலைப் பாருங்கள்.

நானும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னேன்.